புளியமரத்துக்குக் கட்டிய காப்பு

மாசி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. பெருமாள் கோயில் பலிபீடத்துக்கு முன்னால் ஒரு ஜிலேபி மீன் உயிர் போயும் போகாமலும் கிடந்தது. நான் வாளியை வைத்துவிட்டு அதை எடுக்கப் போவதற்குள் எங்கள் தர்மகர்த்தா அதன்மேல் கால் வைத்துவிட்டார். விழவில்லை, பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவருக்குப் பின்னால் விமானத்துக்கு வர்ணம் அடிக்க வந்த ஆட்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் வழுக்கியதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“என்னாப்பா இது? பெருமாள் கோயிலா, மீன் மார்க்கெட்டா?”

“மேலேருந்து விழுந்துட்டுதுங்கண்ணா. இதோ எடுத்துடறன்.”

“நீ எடுப்ப. நாளைக்கு இன்னொன்னு விழும். வர்ற புதன்கிழமை மிஷின்காரன் வரான். மரத்தை அடியோட எடுத்துடறோம். கும்பாபிஷேகத்துக்கு வர்ற ஜனத்தை மீன்மேல நடக்கச் சொல்றியா?”

மரம் என்றால் கோயில் மதிலை ஒட்டி வெளியே நிற்கிற புளியமரம். பாதிக் கிளைகள் மதிலைத் தாண்டி உள்ளே வந்து விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அதில் அன்றைக்கு இருபத்திரண்டு நாரைக் கூடுகள் இருந்தன. கூட்டுக்கு இரண்டு அல்லது மூன்று குஞ்சு. முட்டையை விட்டு வெளியே வந்து பத்து நாள்கூட ஆகாதவை. மரம் சாய்ந்தால் அத்தனையும் தரையில்.

நான் அந்தக் கோயிலில் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அண்ணா, பெருமாளோட மொத அவதாரமே மீனுதானுங்க.”

வர்ணக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. தர்மகர்த்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். “புதன்கிழமை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஓசூரில் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். எங்கள் ஊர் ஓசூருக்கும் கர்நாடக எல்லைக்கும் நடுவில் ஒரு ஏரிக்கரையில் இருக்கிறது. ஒரு கரையில் கோயில், எதிர்க்கரையில் கம்பெனிகளின் தகரக் கூரைகள், மற்ற இரண்டு பக்கமும் லேஅவுட் கற்கள். எனக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. தகட்டை இழுக்கும்போது பிரஸ் இறங்கிவிட்டது. மணிக்கட்டோடு போயிருக்க வேண்டிய கை. இரண்டு விரலோடு நிறுத்தியவர் பெருமாள் என்று நான் நம்புகிறேன். இதை யாரிடமும் நிரூபிக்க எனக்குத் தெரியாது, தேவையும் இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்த மறுநாளே கோயிலுக்குப் போய், இனி தினமும் காலையில் பிரகாரத்தைக் கழுவிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அன்றிலிருந்து, முதல் ஷிஃப்டாக இருந்தால் விடிவதற்கு முன்பு, இரண்டாவது ஷிஃப்டாக இருந்தால் விடிந்த பிறகு, தண்ணீரும் விளக்குமாறும் என் வேலை. கோயில் கழுவுவது பெண்கள் வேலை என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. “பாக்கி எட்டு விரலும் விளக்குமாறு புடிக்கத்தானே மிச்சம் வெச்சாரு சாமி” என்று என் மனைவியே சொல்வாள். அவள் சொன்னால் வலிக்காது.

இந்தப் பறவைகளை முதலில் விரட்டியவன் நான்தான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது நியாயமாகாது.

போன வருஷம் மார்கழியில் அவை முதல் தடவையாக வந்தன. ஐந்தாறு ஜோடி இருக்கும். வந்த ஒரே வாரத்தில் பிரகாரத்துக் கல் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்ததுபோல ஆகிவிட்டது. மார்கழி மாதம், பெருமாளுக்கு விசேஷமான மாதம், நான் குளிரில் கைவிறைக்கக் கழுவிவிட்டு நிமிர்வதற்குள் ‘சொத்’தென்று மறுபடியும் விழும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூஜைக்கு அடிக்கிற சேகண்டியை, அந்த வெண்கலத் தட்டை, கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் அடித்தேன். மூன்று நாள் விடாமல் அடித்தேன். மூன்றாம் நாள் ஒரு பறவை திடுக்கிட்டுக் கூட்டிலிருந்து எழுந்தது. அதன் காலில் பட்டு ஒரு முட்டை உருண்டு வந்து, நான் அப்போதுதான் கழுவிவிட்ட கல்லில் விழுந்து உடைந்தது. கோழிமுட்டையைவிடப் பெரியது, மங்கலான வெள்ளை. உள்ளே ரத்தக் கோடு ஓடியிருந்தது.

அதை நான்தான் கழுவினேன். அப்புறம் அவை கூடுகளை விட்டுவிட்டுப் போய்விட்டன. அந்த வருஷம் முழுக்கப் பிரகாரம் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தச் சுத்தத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எந்தத் தட்டை அடித்துப் பெருமாளை எழுப்புகிறோமோ, அதே தட்டை அடித்து ஒரு தாயை எழுப்பி ஓட்டியிருக்கிறேன்.

அதனால் இந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் அவை மறுபடியும் வந்து ஏரிக்கு மேலே வட்டமடித்தபோது, நான் விளக்குமாற்றை மதில்மேல் சாய்த்துவிட்டுக் கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் காலும் கழுத்தும் நீளமாக இருந்தால் எல்லாம் கொக்குதான். கன்னடம் பேசுகிறவர்கள் கொக்கரெ என்பார்கள். பெங்களூரிலிருந்து கேமராவோடு வந்த ஒரு தம்பிதான் மஞ்சள் மூக்கு நாரை என்று சொன்னார். இங்கிலீஷில் இதற்கு வர்ணம் தீட்டிய நாரை என்று அர்த்தம் வருகிற பெயராம். அது சரியான பெயர். நின்றால் என் இடுப்பைத் தாண்டும். உடம்பு வெள்ளை. மார்புக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, இறக்கையிலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். நீண்ட மஞ்சள் அலகு, நுனியில் லேசாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். முகத்திலும் தலையிலும் இறகு கிடையாது. வெறும் தோல், பழுத்த மிளகாய் நிறத்துக்குக் கொஞ்சம் முன்னால். எல்லாவற்றையும்விட அழகு முதுகின் பின்பக்கம். வால்மேல் வந்து படியும் இறகுகள் மட்டும் இளஞ்சிவப்பு.

என் மனைவி தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கிற வேலை செய்கிறாள். நிறம் பார்ப்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தக் கலரு எங்க ஷெட்டுல வாரத்துக்கு ஒரு கட்டு வந்தா அதிகங்க. வந்தா ஏர்போர்ட்டுக்குத்தான் போவும். இங்க பாருங்க, மரம் பூராவும் ஏர்போர்ட்டு மாலு.”

“கால் மட்டும் வெள்ளையா இருக்குது பாரு, சாக்ஸ் போட்ட மாதிரி.”

“சாக்ஸா? நல்லாப் பாருங்க. தன் கால்மேலயே கழிஞ்சிக்குது.”

அவள் சொன்னது உண்மை. உண்மையில் அந்தக் கால் இளஞ்சிவப்பு. வெயில் ஏறினால் அவை தங்கள் காலிலேயே கழித்துக்கொள்கின்றன. ஈரம் காயக் காய உடம்பு சூடு குறையும் என்று அந்தக் கேமராத் தம்பி சொன்னார். தகரக் கூரைக்குக் கீழே முப்பது பிரஸ்ஸுக்கு நடுவில் நின்று வேலை செய்கிற எனக்கு அதில் அருவருக்க ஒன்றும் இல்லை. நாங்களும் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறோம்.

அவற்றுக்குக் குரல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஜோடியில் ஒன்று வெளியே போய்த் திரும்பி வந்தால் இரண்டும் அலகை அலகோடு தட்டும். பஜனையில் சப்ளாக்கட்டை தட்டுவதுபோலவே இருக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே கூடு கட்டின. ஒன்று குச்சி கொண்டுவரும், மற்றொன்று வாங்கி அடுக்கும். பக்கத்துக் கூட்டில் ஆள் இல்லை என்றால் அங்கிருந்தே ஒரு குச்சியை உருவிக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு என் மனைவி, “எல்லாம் லேஅவுட்டு போடறவங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்” என்றாள். தர்மகர்த்தாவும் லேஅவுட் போடுகிறவர்தான். நல்லவேளை, அவர் பக்கத்தில் இல்லை.

முட்டைமேல் இரண்டும் மாறி மாறி உட்கார்ந்தன, எங்கள் கம்பெனி ஷிஃப்ட்போல. ஒரு மாதம் ஆனது குஞ்சு வர. குஞ்சுகள் வெளுத்த பஞ்சு உருண்டைகள், முதலில் தலையைக்கூடத் தூக்க முடியாதவை. தாயோ தகப்பனோ ஏரியிலிருந்தும் தென்பெண்ணை ஆற்றுப் பக்கமிருந்தும் மீனை விழுங்கிக்கொண்டு வந்து கூட்டுக்குள் கக்கும். குஞ்சுகள் அடித்துப் பிடித்து எடுக்கும்போது ஒன்றிரண்டு தவறிக் கீழே விழும். அப்படி விழுந்ததுதான் தர்மகர்த்தா மிதித்த மீன்.

அவை மீன் பிடிப்பதை ஏரியில் பார்த்திருக்கிறேன். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே, அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் அசைக்கும். ஒரு காலால் சேற்றைக் கலக்கும். கண்ணால் தேடுவதில்லை. அலகில் மீன் பட்ட அந்த நொடி அலகு மூடிவிடும். அந்த வேகம் எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் இரண்டு விரலுக்கும் தெரியும்.

நடுப்பகலில் தாய் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு இறக்கையையும் விரித்துக் குடைபோலப் பிடிக்கும். கீழே குஞ்சுகள் நிழலில் இருக்கும். அது வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். இதைப் பார்த்த பிறகும் மிஷினைக் கூப்பிடுகிறவரிடம் எனக்குப் பணிவாகப் பேச வரவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. கோயிலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை பச்சை மரத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். வேலிக்கு ஒரு கிளையைக்கூட ஒடிக்க மாட்டார்கள். கும்பாபிஷேகத்துக்குக் காப்புக் கட்டு வியாழக்கிழமை. அதனால்தான் தர்மகர்த்தா புதன்கிழமையைப் பிடித்தார். எனக்கும் அது புரிந்தது. புதன்கிழமை ஒரு பகல் கடந்துவிட்டால் போதும்.

கம்பெனிக்கு லீவு சொன்னேன். குளித்து, நாமம் போட்டுக்கொண்டு, விளக்குமாற்றோடு போய் மரத்தடியில் வேர்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மிஷின்காரர் அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவர், கன்னடக்காரர். ரம்பத்தை இறக்கி வைத்துவிட்டு மேலே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “மரி இதெ, ஸ்வாமி” என்றார். குஞ்சு இருக்கிறதே என்று கேட்கிறார். “இதெ” என்றேன். அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

தர்மகர்த்தா வந்தார்.

“எழுந்திருப்பா.”

“இல்லீங்கண்ணா.”

“பெருமாள் கைங்கரியம் பண்றவன் நீ. பெருமாள் கோயில்ல மீன் விழுது, எச்சம் விழுது, புது வர்ணம் பாழாவுது. நீயே குறுக்க உக்காந்தா எப்படி?”

“எச்சத்தை நான் கழுவறன். மீனை நான் எடுக்கறன். ஒரு நாளாவது விட்டிருக்கறனா சொல்லுங்க. குஞ்சு பறந்து போற வரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் நீங்க பேசுங்க, நான் கேக்கறன்.”

“கொக்குக்காக என்கிட்டயே மல்லுக்கு நிக்கறியா?”

“ஆமாங்கண்ணா.”

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் என் காதில், “வனத்துறைக்கு ஒரு போன் போடுங்க, கூடு இருக்கற மரத்துல கை வெச்சா கேஸ் ஆயிடும்” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. இது பெருமாள் வீட்டுச் சண்டை, பெருமாள் வாசலிலேயே முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மிஷின் சத்தம் கேட்டிருந்தால் ஒருவேளை போன் போட்டிருப்பேன்.

ஆள் உட்கார்ந்திருக்கிற மரத்தில் ரம்பம் வைக்க மாட்டேன் என்று மிஷின்காரர் சொல்லிவிட்டார். மூன்று மணிவரை பார்த்தார். அவருக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது. வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

தர்மகர்த்தா என் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொண்டார். “இனிமே கோயிலுக்குள்ள நீ கைங்கரியம் பண்ண வேணாம். கும்பாபிஷேகம் முடிஞ்சி காப்பை அவுத்த மறுநாள் மிஷின் வரும். அன்னிக்கும் வந்து உக்காரு, ஆளை வெச்சித் தூக்கறன்.”

விரல் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். மனைவி ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். “அழுங்க, அழுங்க. ஆனா அவுருகிட்டப் போயி மன்னிப்புக் கேட்டீங்கன்னா இந்த வீட்டுல டீ கெடையாது” என்றாள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நான் போகவில்லை. மதிலுக்கு வெளியே மரத்தடியை மட்டும் கூட்டினேன். அது கோயிலுக்குள் இல்லை, அதை யாரும் தடுக்க முடியாது. உள்ளே கழுவ ஒரு ஆளை வைத்தார்களாம். அவர் ஒரு நாள் கழுவிவிட்டு மறுநாள் வரவில்லை. பந்தல் போடுகிறவர் ஒருவர் எச்சத்தில் சறுக்கிக் கீழே உட்கார்ந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அர்ச்சகர் பைக்கில் வந்து வாசலில் நின்றார். என் மகன் வயதுதான் இருக்கும். மூன்று கோயிலுக்குப் பைக்கிலேயே ஓடிப் பூஜை செய்கிறவர். பின்சீட்டில் என் விளக்குமாற்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

“மாமா, நான் ஒருத்தன் மந்திரம் சொல்லுவேனா, கழுவுவேனா? வாங்கோ.”

“தர்மகர்த்தா வேணாம்னு சொல்லிட்டாரே சாமி.”

“அவர்தான் சொன்னார். ‘அவனைக் கூப்பிடு, ஆனா நான் கூப்பிட்டேன்னு சொல்லாதே’ன்னு. நான் சொல்லலை.”

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்த சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். நான் போனேன். மூன்று நாள் எச்சத்தைச் சுரண்டி எடுக்க ஒரு முழுப் பகல் ஆனது. தர்மகர்த்தா இரண்டு தடவை என்னைக் கடந்து போனார். இரண்டு தடவையும் நான் கும்பிட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம், அன்று மாலையே காப்பு அவிழ்ப்பு. கலசத்தில் தீர்த்தம் விடுகிற நேரத்தில் வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. வந்தால்தான் பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்று மனசு நிறையும். நானும் அப்படி நம்புகிறவன்தான். மறுநாள் ரம்பம் வரப்போகிறது என்ற பாரம் நெஞ்சில் இருந்தாலும், அந்த நேரத்தில் நானும் மற்ற எல்லாரையும்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணி பத்து இருக்கும். அர்ச்சகர் விமானத்தின்மேல் குடத்தோடு நின்றார். தர்மகர்த்தா கீழே மைக்கோடு நின்றார். சூரியனுக்குப் பக்கத்தில், மிக உயரத்தில், ஒரு பறவை இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டுக்கொண்டு வந்தது.

“கருடன்! கருடன்!”

ஜனம் முழுக்கக் கையைத் தலைக்குமேல் தூக்கியது. “கோவிந்தா! கோவிந்தா!” மைக்கில் தர்மகர்த்தாவின் குரல் தழுதழுத்தது. “கருட பகவான் வந்துட்டாரு! நம்ம ஊரு பாக்கியம்! பாருங்க எல்லாரும்!” தீர்த்தம் கலசத்தில் விழுந்தது. நானும் கையைத் தூக்கினேன். கண்ணில் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் வழியாகவே எனக்குத் தெரிந்துவிட்டது. கருடனுக்குக் கால் வெளியே தெரியாது. இதற்கு வாலைத் தாண்டிப் பின்னால் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கழுத்து முன்னால் நீண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு மேலாக அண்ணாந்து பார்த்த கண்ணை ஏமாற்ற முடியுமா? வெயில் ஏறினால் அவை இப்படித்தான் சூட்டுக் காற்றில் ஏறி வட்டமடிக்கும், அப்புறம் இறங்கி வரும்.

இதுவும் இறங்கியது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, அத்தனை பேர் தலைக்கும் மேலே வந்து, புளியமரத்தின் உச்சிக் கூட்டில் உட்கார்ந்தது. குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன. அது குனிந்து மீனைக் கக்கியது.

தூக்கிய கைகளை எங்கே வைப்பது என்று ஜனத்துக்குத் தெரியவில்லை. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள் எதையும் பார்க்காமல் இன்னும் கோவிந்தா சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். மறுநாள் மரமும் போயிருக்கும். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தர்மகர்த்தாவிடம் போனேன்.

“அண்ணா, இப்ப கும்பிட்டீங்களே, அது எங்க போயி உக்காந்துச்சு பாத்தீங்களா?”

“கருடன் மலைப்பக்கம் போயிட்டாரு. நீ போ அந்தப்பக்கம்.”

“மலைக்குப் போகலீங்க. நாளைக்கு நீங்க வெட்டப்போற மரத்துல உக்காந்திருக்குது. அது நம்ம நாரைங்க.”

“வாயை மூடு! நல்ல நாள்ல அபசகுனமாப் பேசாத. அது கருடன்தான்.”

மைக் அவர் கையிலேயே இருந்தது. அணைக்கவில்லை. நாங்கள் பேசியது அத்தனையும் ஏரியின் எதிர்க்கரைக் கம்பெனி வரை ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் அது உறைக்கவில்லை.

என் மனைவி எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை. “ஏனுங்கண்ணா, கருடனுக்குக் காலு எப்பலேருந்து இவ்ளோ நீளமாச்சு?”

தர்மகர்த்தா கொதித்துவிட்டார். “பெருமாள் எந்த ரூபத்துல வந்தா உங்களுக்கு என்னாம்மா? வந்தாரா இல்லையா? அதப் பாரு!”

“அதத்தானுங்க நாங்களும் ரெண்டு வாரமா சொல்றோம்!”

ஒலிபெருக்கி அதையும் சொன்னது. அப்புறம் ஜனம் சிரித்தது பாருங்கள், கெட்ட சிரிப்பு இல்லை, வயிறு குலுங்குகிற சிரிப்பு. கூட்டத்தில் யாரோ ஒருவர் புளியமரத்தைப் பார்த்து “கோவிந்தா!” என்றார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார்கள். தர்மகர்த்தா அப்போதுதான் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் நான் விடவில்லை. அர்ச்சகர் ஏணியிலிருந்து இறங்கி வந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“சாமி, மண்டல பூஜை இன்னும் நாப்பத்தெட்டு நாள் நடக்கும். அது வரைக்கும் இந்த மரத்துக்கும் ஒரு காப்புக் கட்டுங்க.”

அர்ச்சகர் தர்மகர்த்தாவைப் பார்த்தார். தர்மகர்த்தா தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. யாகசாலையில் மீந்திருந்த நூலை மஞ்சளில் நனைத்து, ஒரு மஞ்சள் கிழங்கைச் சேர்த்து, அர்ச்சகர் புளியமரத்தைச் சுற்றிக் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் அவர் பட்டு வேட்டியில் இரண்டு இடத்தில் வெள்ளை. “எனக்கும் கும்பாபிஷேகம் ஆயிடுத்து” என்றார்.

நாற்பத்தெட்டு நாள் என்று நான் கேட்டது சும்மா இல்லை. குஞ்சு இரண்டு மாதம் தாண்டினால் பறக்கும் என்று அந்தக் கேமராத் தம்பியிடம் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் அவை வளர்ந்தன. பஞ்சு போய்ச் சாம்பலும் பழுப்புமாக இறகு வந்தது. இளஞ்சிவப்பு இல்லை, மார்புப் பட்டை இல்லை. அதற்கு இன்னும் சில வருஷம் ஆகுமாம். கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்த்தன, கிளைக்குத் தாவின, மதில்மேல் வந்து விழுந்து முழித்தன. எல்லாம் பிழைத்தன என்று சொல்ல மாட்டேன். ஒரு சூறைக்காற்றில் மூன்று குஞ்சுகள் விழுந்து செத்தன. நான்தான் ஏரிக்கரையில் குழி தோண்டிப் புதைத்தேன். மற்றவை ஒவ்வொன்றாக ஏரிக்குமேல் போய்த் திரும்பி வந்தன, அப்புறம் திரும்பி வரவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் தர்மகர்த்தா அர்ச்சகரிடம், “மண்டலம் முடிஞ்சிதே, காப்பை அவுத்துடலாமா?” என்று கேட்டார். உச்சிக் கூட்டில் இன்னும் இரண்டு குஞ்சுகள் இருந்தன. “கட்டினவா சொன்னால்தானே அவிழ்க்கணும்” என்றார் அர்ச்சகர். கட்டியவர் அவர்தான். ஆனால் பார்த்தது என்னை. நான் எதுவும் சொல்லவில்லை. கடைசி இரண்டும் அடுத்த வாரத்தில் பறந்தன. அதற்குப் பிறகும் நான் எதுவும் சொல்லவில்லை.

ஊரில் என்மேல் வருத்தம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கருடன் வந்த சந்தோஷத்தைக் கெடுத்தவன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெருமாள் சந்நிதியில் பொய்யாக ஒரு கருடன் எனக்கு வேண்டாம். மெய்யாக ஒரு நாரை வந்தது, அத்தனை பேர் கும்பிட்ட பிறகு தன் குஞ்சுக்கு மீன் கொடுத்தது. எனக்கு அது போதும்.

ஆனியில் இரண்டு மழை பெய்தது. காப்பு நூல் வெளுத்து, நைந்து, ஒரு காலையில் அறுந்து வேரில் கிடந்தது. நான் வீட்டிலிருந்து புது நூல் கொண்டுபோனேன், மஞ்சளில் நனைத்தேன், மரத்தைச் சுற்றினேன். எட்டு விரலால் முடிச்சுப் போட நேரமாகிறது. பின்னால் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. அர்ச்சகருடையது இல்லை, தர்மகர்த்தாவுடையது என்று திரும்பாமலே தெரிந்தது.

“யாருப்பா உன்னைக் கட்டச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்கண்ணா. நானாத்தான் கட்டறன்.”

பைக் திரும்பிப் போனது. நான் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன். வருகிற கார்த்திகைவரை தாங்க வேண்டுமே. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே கழுவப் போனேன்.